மகள் கழித்துப்போட்ட காது

காய்ச்சல் பார்ப்பதுபோல ரேடியோவின் நெற்றியில் புறங்கையை வைக்கிறார் கடைசல்காரர். சூடு இருக்கிறது, சத்தம்தான் இல்லை. லேத் பட்டறை இரைச்சல் அவர் காதை ஆண்டுக்கணக்கில் அரித்துத் தின்றுவிட்டது. பக்கத்தில் நின்று பேசினால் அரைகுறையாக விழும். ரேடியோவில் வரும் மோர்ஸ் தந்தியின், நீளமும் குட்டையுமான மெல்லிய கீச்சொலி அறவே விழாது.

கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நண்பர், முகம் பார்த்ததில்லை. ஞாயிறு காலையில் அவர் நிதானமாகத் தட்டுவார். இவர் தன் ஹாம் ரேடியோவிலிருந்தே பதில் தட்டுவார். பல மாதமாக இவரிடமிருந்து பதிலே இல்லை. "நான் போய்ச் சேந்துட்டேன்னே முடிவு கட்டியிருப்பான்" என்று புலம்புவார். சும்மா ஒரு தட்டு தட்டிவிடுங்களேன் என்றால் கோபம் வரும். "கேக்காம தட்டறது, அடுத்தவன் பேச்சுல வாய வெக்கற மாதிரி."

"வீட்ல மட்டும் அந்தச் சட்டம் கிடையாது" என்பாள் மனைவி.

மகள் கழித்துப்போட்ட மடிக்கணினி இப்படித்தான் மேசைக்கு வந்தது. கீல் ஆடும், இரண்டு பொத்தான்களைக் காணோம். அதைத் திணறடித்த பழைய இயங்குதளத்தை வழித்துவிட்டு, இலவச லினக்ஸை ஏற்றினார். தந்தி ஒலியை எழுத்தாக்கித் திரையில் காட்டும் இலவச மென்பொருளையும் போட்டார். "இனிமே இதுதான் என் காது."

ஞாயிறன்று அந்தக் காது உளறியது. திரை முழுக்க அர்த்தமில்லாத எழுத்து. ஏரியல் கம்பியைச் சுரண்டினார், திருகினார், ஒன்றும் நடக்கவில்லை. வேடிக்கை பார்த்த மனைவி ரேடியோவில் காதை வைத்தாள்.

"கொர்ருன்னு மாவு மில்லு ஓடுதுங்க."

அவருக்குப் பொறி தட்டியது. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கினார்.

"நின்னுடுச்சு."

காதாக வந்ததுதான் கத்திக்கொண்டிருந்திருக்கிறது!

குப்பை வடிந்து, திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்தன. நண்பரின் நிலையக்குறி, காற்றலையில் அவருடைய பெயர். பிறகு இவருடையது, கூடவே ஒரு கேள்விக்குறி. மறுபடியும் அதே.

"யாருங்க?"

"என்னத்தான் கூப்பிடறான். இன்னும் விடல."

இருக்கிறேன் என்று தட்டினார். பதில் வருவதற்குள் மடிக்கணினியின் கிழட்டு பேட்டரி கண்ணை மூடியது. சார்ஜரைச் செருகினால் மில்லு, செருகாவிட்டால் இருட்டு. பிடுங்கிய ஒயரும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்.

மனைவி ரேடியோவிலிருந்து காதை எடுக்கவில்லை. பேசாதீங்க என்று கண்ணாலேயே அதட்டினாள். தந்தி மொழியில் ஓர் எழுத்துகூட அவளுக்குத் தெரியாது. அவர் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, மணிக்கட்டில் ஒற்றை விரலால் ஒற்ற ஆரம்பித்தாள், கேட்டது கேட்டபடி: நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று, மறுபடி நீளமாக.