சுடாத பூக்குழி

முப்பத்தைந்தாம் வருஷம் பிரிக்பீல்ட்ஸ் ரயில் குவார்ட்டர்ஸில் இருந்த கன்னையாவுக்கு ஒற்றைத் தலைவலி. வந்தால் தனியாக வராது. வாந்தி, கண்கூச்சம் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வரும். அவனுக்கோ தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை. மண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் எந்தத் துரை வைத்துக்கொள்வான்?

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு மருந்து தரும் டிரெசர் ராதாகிருஷ்ணன் புதிதாக வந்த மாத்திரையைக் கொடுத்தபோது தெளிவாகத்தான் சொன்னார். "வலி ஆரம்பிக்கிறப்ப மட்டும் போடணும் கன்னையா. வாரத்துல ரெண்டு நாளுக்கு மேல கூடாது. இது ரத்தக்குழாயைச் சுருக்குற மருந்து. கைகால் மரத்தா, சில்லிட்டா, உடனே நிறுத்திட்டு ஓடி வா."

மாத்திரை நன்றாகக் கேட்டது. அதுதான் வினையாயிற்று. வலி வந்துவிடுமோ என்ற பயத்தில் வேலைக்குக் கிளம்பும்போதே ஒன்று போட்டான். போடாத நாளில் வலி இன்னும் மோசமாக வந்தது; அதனால் தினமும் போட்டான். டிரெசர் கொடுத்தது தீர்ந்ததும் பாசார் சந்தையில் ஒரு கடையில் ரகசியமாக வாங்கினான். கன்னையாவைப் பிடித்து நாலு அறை விட்டால் என்ன!

ஆடி பிறந்ததும் கால்விரல்கள் மரத்தன. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களே என்று வாயைத் திறக்கவில்லை.

அவன் தலைவலி தீர்ந்தால் போதும், பூமிதிக்க வைக்கிறேன் என்று அவன் மனைவி புஷ்பவல்லி கிள்ளானில் ஓர் அம்மனுக்கு வேண்டியிருந்தாள். வலி அடங்கியது அம்மன் அருள் என்றே நம்பினாள். அவனோடு அவளும் விரதம் இருந்தாள். மற்றவர்கள் ஓட்டமாய்க் கடந்த பூக்குழியில் கன்னையா நிதானமாக நடந்தான். சூடே தெரியவில்லை. "ஆத்தா ஏத்துக்கிட்டா!" என்று சனம் கையெடுத்துக் கும்பிட்டது. புஷ்பவல்லி அழுதபடி அவன் காலில் விழுந்தாள். கால் சுடாத காரணம் அவனுக்குத் தெரியும். அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? பாவி, பேசாமல் நின்றான்.

கொப்புளங்கள் ஆறவில்லை. விரல்கள் கறுத்தன. பதினைந்து நாள் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டாள் புஷ்பவல்லி. "விரதத்துல ஒரு நாள் பசி தாங்காம கஞ்சி குடிச்சிட்டேனே, ஆத்தாவுக்குப் பொறுக்கல" என்று தலையிலடித்துக்கொண்டாள். சரியாகச் சாப்பிடவும் இல்லை. அவன் கேட்டுக்கொண்டே படுத்திருந்தான். மாத்திரையையும் விடவில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரியில் வலது காலில் மூன்று விரல்களை எடுத்தார்கள். "எப்ப மரத்துச்சு?" என்று கேட்டார் டிரெசர்.

"தீ மிதிச்ச பொறவுதாங்க," என்று புஷ்பவல்லி முந்திக்கொண்டாள். "எல்லாம் நான் செஞ்ச தப்பு."

கன்னையா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இல்ல. அதுக்குப் பத்து நாளு முன்னாடியே மரத்துப்போச்சு. மாத்திரைய தெனமும் போட்டேன்."

புஷ்பவல்லி அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"வெரல் போனது போகட்டுங்க," என்றாள். "பதினஞ்சு நாளா பட்டினி கெடந்து ஆத்தாகிட்ட மன்னிப்பு கேட்டேன். பாத்துக்கிட்டுத்தானே படுத்திருந்தீங்க?"