அடியில் விட்ட இடைவெளி

மாலை நாலு இருபதுக்குப் பொன்னி போன் செய்தாள். "அண்ணே, அவரு போயிட்டாரு. மத்தியானம் நெஞ்சு வலிக்குதுன்னாரு, அவ்ளோதான்."

கடலூர் முதுநகரில், தான் மேற்பார்வை பார்க்கும் மீன் குளிர்கிடங்கின் கடலோரச் சுவரருகே நவ்ஷாத் நின்றிருந்தான். பன்னிரண்டு ஆண்டுகள் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டவன் பொன்னியின் கணவன் காத்தவராயன், நவ்ஷாத்தின் வயதுதான். செங்கல் சுவர், அதன்மேல் தெர்மாகோல், அதற்கும் வெளியே தகடு. சிதம்பரத்திலிருந்து காலை ரயிலில் வந்ததும் தகட்டை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போவான். தெர்மாகோல் நனைந்த இடத்தில் சத்தம் மந்தமாகும். அங்கே சாக்பீஸால் சுழிப்பான். துருப்பிடித்த ஸ்க்ரூவை மாற்றுவான், இணைப்புகளில் தண்ணீர் புகாதபடி சிலிக்கான் பசை பூசுவான். தகட்டின் அடியில் மட்டும் ஒரு விரல் இடைவெளி விட்டுவைப்பான்.

போன ஐப்பசியில் சாரல் அந்த இடைவெளியில் ஏறுவதைப் பார்த்த நவ்ஷாத், அதையும் அடைக்கச் சொன்னான்.

"வேணாம் பாய். எப்படியும் மேலேருந்து தண்ணி எறங்கும். செவுத்துக்கும் ஒண்ணுக்குப் போவணுமில்ல? அடைச்சா வீங்கிப்பூடும்."

"பி.இ. படிச்சவன் நானா, நீயா? அடைடா."

"சரிங்க டாக்டரே" என்று சிரித்துக்கொண்டே அடைத்தான்.

கார்த்திகைப் புயலில், ஊறி உப்பிய சுவரிலிருந்து மூன்று தகடுகளைக் காற்று பிய்த்துக்கொண்டு போனது. உள்ளிருந்த மீனெல்லாம் கெட்டது. "அடியை அடைச்சது யாரு?" என்றார் முதலாளி.

"காத்தவராயன் சார்."

பொய்யில்லை, அடைத்த கை அவனுடையதுதான். பக்கத்திலேயே நின்ற காத்தவராயன் நவ்ஷாத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தான். மறுநாளிலிருந்து அவனுக்கு வேலையில்லை. மூன்று மாதமாக நவ்ஷாத் அவன் எண்ணைத் தேடி எடுப்பதும் போனை வைத்துவிடுவதுமாக இருந்தான்.

இப்போது பஸ் பிடித்துச் சிதம்பரம் போனான். வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தங்கச்சி, அன்னிக்கு அடைக்கச் சொன்னது நான்தான்."

"தெரியும்ணே. அன்னிக்கே சொன்னாரு. 'பாய் ஒருநா வந்து அவரே சொல்லுவாரு, வந்தா டீ போட்டுக் குடு'ன்னாரு."

அவனால் அந்த வீட்டில் உட்கார முடியவில்லை. முற்றத்தில், செருப்புகள் கிடந்த இடத்திலேயே நின்றான்.

அடக்கம் முடிந்த மறுநாள் முதலாளியிடம் உண்மையைச் சொன்னான். "இப்ப சொல்லி யாருக்குப்பா பிரயோஜனம்?" என்றார் அவர். நவ்ஷாத் கத்தியோடு சுவரடியில் குந்தி, சிலிக்கானை அறுக்கத் தொடங்கினான்.

காற்று பிய்த்த மூன்றும் போக, மிச்சம் பதினான்கு தகடுகள். பதினொன்றின் அடி திறந்தாயிற்று; மூன்று இன்னும் அடைந்தே கிடக்கின்றன.