பூச்சி ஆபீசரின் கோட்டுப் பட்டன்

எங்கள் தெருவில் என் அக்காவின் கணவருக்குக் 'கொடி டெய்லர்' என்று பெயர். தைப்பது பள்ளிச் சீருடையும் ஆபீஸ் கோட்டும். உயிர் இருப்பது மொட்டைமாடியில். கீழே தையல் கடை, நடுவில் வீடு, மேலே உடைந்த வாளி, பெயின்ட் டப்பா, ஓட்டைக் குளியல் தொட்டி என்று எதில் மண் நிற்குமோ அதிலெல்லாம் ஒரு செடி. வாடிக்கையாளரின் தோளை அளக்கும்போதே இந்த அகலத்துக்கு ஒரு பந்தல் போட்டால் எப்படியிருக்கும் என்று யோசிக்கிற ஆள். நான் பக்கத்துக் கடையில் போன் ரிப்பேர் செய்கிறேன். அவருடைய புலம்பல் முழுவதும் சுவரைத் தாண்டி என் காதில்தான் விழும். நான் செய்த பாவம் அப்படி.

மாமாவுக்கு உள்ளூர் விதை பிடிக்காது. கடல் தாண்டி விளைந்ததாக இருக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் அப்படி வாங்கி வளர்த்த ஒரு கொடி மாடியிலிருந்த டிஷ் ஆன்டெனாவைக் கட்டிப்பிடித்து, வளைத்து, கடைசியில் சாய்த்தே விட்டது. டிவியில் அக்கா பார்த்துவந்த தொடரில் கொலைகாரன் யார் என்று சொல்லப்போகிற நேரம் அது. இன்றுவரை அவளுக்கு அது யாரென்று தெரியாது. வளைந்த டிஷ்ஷை அவள் எறியவில்லை. மாமா மாடி ஏறும்போதெல்லாம் கண்ணில் படும்படி, கதவுக்கு எதிரே சாய்த்து வைத்தாள்.

"இன்னொரு தடவை வெளிநாட்டு விதைன்னு ஏதாவது இந்த வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா, மாடில ஒரு வாளி மிஞ்சாது. எல்லாத்தையும் பழைய சாமான்காரர் வண்டில ஏத்திடுவேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள். மாமாவுக்கோ அந்த மாடி போனால் மூச்சே போன மாதிரி.

அப்படிப்பட்டவர் ஒருநாள் என் கடைக்குள் நுழைந்து, போனில் ஒரு படத்தைக் காட்டினார். எங்கோ குளிர்நாட்டுப் பீன்ஸ் கொடி. பூ நல்ல சிவப்பு. விதை ஊதா நிறத்தில், மேலே கறுப்பு மையைத் தெளித்த மாதிரி, கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்தது.

நான் விதிகளைத் தேடி எடுத்துப் படித்துக் காட்டினேன். விதையில் நோயோ பூச்சியோ இல்லை என்று அனுப்புகிற நாட்டில் சான்றிதழ் வாங்க வேண்டும். வரவழைக்க இங்கே முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். உள்ளே இருப்பது விதைதான் என்று கவரின்மேல் எழுத வேண்டும். இல்லாவிட்டால் பிடித்து எரித்துவிடுவார்கள்.

"ஆறு விதைக்கு ரெண்டு கவர்மென்டா?" என்றார்.

"ஒரு விதைக்கும் அதேதான் மாமா."

"கவர்மென்டை விடுடா. கவர் மேல விதைன்னு எழுதியிருந்தா உங்க அக்கா சும்மா விடுவாளா?"

அதோடு விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் எனக்குத் தெரியாமல், விற்கிறவனுக்குத் தானே செய்தி அனுப்பி, கவரின்மேல் 'கோட்டுப் பட்டன்' என்று எழுதச் சொல்லியிருக்கிறார். தையல் கடைக்குப் பட்டன் வந்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அந்தக் கடையில் பட்டன் வைத்துத் தைப்பது யார் என்பதை மட்டும் மறந்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அது என் அக்காவின் வேலை.

கவர் வந்த அன்று மாமா ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அளவெடுக்கப் போயிருந்தார். சாயங்காலம் அவர் திரும்பியபோது நானும் கடையில் இருந்தேன்.

"ஏங்க, வெளிநாட்டுப் பட்டன் வந்துச்சு" என்றாள் அக்கா. "அழகுன்னா அப்படி ஒரு அழகு. ஆனா வேலை சுத்தமில்ல, ஒண்ணுலகூட ஓட்டை போடல. ஊசியைக் காய்ச்சி நானே போட்டுட்டேன்."

மாமாவின் தோளில் கிடந்த டேப் நழுவி விழுந்தது. "எதுக்கு?"

"பூச்சி ஆபீசர் கோட்டுக்குத்தான். எடுப்பா வேணும்னு கேட்டாரே. முன்னாடி மூணு, கைக்கு ஒண்ணொண்ணு, உள்ள ஒரு ஸ்பேர். சரியா இருந்துச்சு. வந்து வாங்கிட்டும் போயிட்டாரு."

வெளிநாட்டிலிருந்து வரும் செடியையும் விதையையும் சோதித்து, அனுமதி இல்லாததை எரிக்கிற அதிகாரியைத்தான் தெருவில் பூச்சி ஆபீசர் என்பார்கள். மாமா குனிந்து டேப்பை எடுத்து, சுருட்டியதையே மறுபடி சுருட்டினார். கத்தவும் முடியாது, சொல்லவும் முடியாது. "நல்ல காரியம் பண்ணினே" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார். பிறகு என்னை என் கடைக்கு இழுத்துவந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எல்லாவற்றையும் கொட்டினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஊசியைக் காய்ச்சி ஓட்டை போட்டதை நினைத்ததும் சிரிப்பும் வந்துவிட்டது. அதற்கு அவர் கோபித்துக்கொண்டார்.

ஆபீசர் கோட்டு தைத்ததே ஒரு கூட்டத்துக்காக. மாடித்தோட்டச் சங்கத்தில் 'தபாலில் வரும் விதைகள்' பற்றிப் பேசப்போகிறார். சங்கத்தின் செயலாளர் வேறு யாருமில்லை, மாமாதான். தன் பட்டன் மேடையேறுவதைப் பார்க்க அக்காவும் வந்துவிட்டாள்.

வாசலிலேயே மாமா ஆபீசரை மடக்கினார். "சார், பட்டன் கொஞ்சம் லூசா தெரியுது. கோட்டைக் கழட்டிக் குடுத்தீங்கன்னா..."

"உங்க வீட்டம்மா தைச்சதா லூசு? இழுத்துப் பாருங்க."

மாமா இழுத்தார். நூல் அசையவில்லை. பின்னால் நின்ற அக்கா அவரை முறைத்த முறைப்பில் நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆபீசர் நன்றாகத்தான் பேசினார். "ஒரு விதைதானேன்னு நினைக்கிறோம். பூச்சி அதுக்குள்ளேயே வளரும், வெளியே ஒண்ணும் தெரியாது. ஒருநாள் ஓட்டை போட்டுக்கிட்டு வரும். அப்புறம் உங்க மாடி, பக்கத்து மாடின்னு..." என்று கையை உயர்த்தினார். உயர்த்திய கையின் பட்டனில் அக்கா போடாத ஓட்டை ஒன்று இருந்தது. மிளகில் பாதிகூட இல்லாத ஒரு வண்டு அதிலிருந்து வெளிவந்து, கோட்டுக் கைமேல் சாவகாசமாக நடந்தது.

ஆபீசரின் பேச்சு நின்றது. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். தண்ணீர் டம்ளரைக் கவிழ்த்து வண்டைப் பிடித்தார். "இந்த வண்டு நம்ம பக்கம் கிடையாதே" என்றார். மேசையிலிருந்த பூங்கொத்தைச் சந்தேகமாகப் பார்த்தார். "இந்தப் பூவுலேர்ந்துதான் வந்திருக்கணும்."

அதோடு விட்டிருக்கலாம். பழி பூங்கொத்தின் மேல் விழுந்துவிட்டது, மாமாவின் மாடி தப்பித்துவிட்டது. நான் அவர் தொடையில் கிள்ளி, "வாயைத் திறக்காதீங்க" என்றேன். அவர் மற்ற பட்டன்களைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேர் வீட்டு மாடியிலும் பீன்ஸ் கொடி இருக்கிறது. எழுந்துவிட்டார்.

"பூங்கொத்து இல்ல சார். உங்க கோட்டுல இருக்கறது பட்டன் இல்ல, விதை. நான் வரவழைச்சது." ஆபீசரைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்தே மீதியையும் சொன்னார். "பட்டன்னு எழுதச் சொன்னதும் நான்தான். இவளுக்குப் பயந்து."

ஆபீசர் மெதுவாகக் குனிந்து தன் மார்பைப் பார்த்தார். கோட்டைக் கழற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்து இறுக்கி முடிச்சுப் போட்டார். பிறகு மைக்கை இழுத்து, "உதாரணத்துக்கு நான் வேற எங்கேயும் போக வேண்டியதில்ல" என்று சட்டையோடு பேச்சைத் தொடர்ந்தார். கோட்டு எரிக்கப்பட்டது. மாமாவுக்கு அபராதமும் எச்சரிக்கையும் கிடைத்தன. புதுக் கோட்டு மாமா செலவில். அதற்கு வந்த பட்டனை எல்லாம் அக்கா கடித்துப் பார்த்த பிறகுதான் ஊசியில் நூல் கோத்தாள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் மாடியின் கணக்கு தீர வேண்டியிருந்தது. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அக்கா பழைய சாமான்காரருக்கு ஆள் சொல்லி அனுப்பினாள். மறுநாள் காலையில் பழைய சாமான்காரர் வந்து மாடியில் நின்றார். மாமா பேயறைந்த மாதிரி ஓரமாக நின்றார். அவர்மேல் நான் எவ்வளவு எரிச்சல்பட்டிருந்தாலும், அன்று அவரைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

சாமான்காரர் குளியல் தொட்டியில் கை வைத்தார். "இருங்க, அதுல இப்பத்தான் பூ வந்திருக்கு" என்றாள் அக்கா.

வாளியைத் தூக்கினார். "அது துணிக்கொடி கம்புக்கு முட்டு."

பெயின்ட் டப்பா. "அதை எடுத்தா அவர் எது பக்கத்துல உட்காருவாரு?"

"அப்ப என்னை எதுக்கும்மா கூப்பிட்டீங்க?" என்றார் சாமான்காரர் எரிச்சலோடு.

அக்கா சுற்றிலும் பார்த்தாள். "நேத்து மட்டும் வாயை மூடிட்டு உட்கார்ந்திருந்தீங்கன்னா, ஒரு டப்பா மிஞ்சியிருக்காது" என்றாள் மாமாவிடம். பிறகு கதவுக்கு எதிரே சாய்ந்திருந்த டிஷ்ஷைக் காட்டினாள். "அதைக் கொண்டுபோங்க."

சாமான்காரர் நகர்வதற்குள் மாமா அதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். எந்தக் கோட்டையும் அவர் அவ்வளவு வேகமாக டெலிவரி செய்து நான் பார்த்ததில்லை.