அணைந்த பல்பும் அப்பா கட்டிய கம்பியும்

எலெக்ட்ரிகல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ் படிப்பது என்றால் செமஸ்டருக்கு ஆறு பேப்பர் எழுதுவது மட்டுமில்லை, ஊரில் ஓடாமல் கிடக்கும் அத்தனை சாமானுக்கும் பதில் சொல்வது. என்னைப் போலவே ட்ரிபிள் ஈ எடுத்து மாட்டிக்கொண்ட புண்ணியவான்களே, புண்ணியவதிகளே, நீங்களாவது நம்புங்கள். முதல் வருசம் முழுக்க நமக்குச் சொல்லித் தந்தது கெமிஸ்ட்ரியும் டிராயிங்கும்தான். எனக்குக் காலேஜ் தஞ்சாவூரில், வீடு நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்தில். அங்கே யாரும் இதை நம்பத் தயாராக இல்லை.

பெரியம்மா வீட்டு மிக்ஸி

முதல் செமஸ்டர் லீவுக்கு வந்த அன்றைக்கே பெரியம்மா மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "இன்னும் அதெல்லாம் சொல்லித் தரலை பெரியம்மா" என்றேன். கேட்டால்தானே! சரி, போகட்டும் என்று கழற்றினேன். கழற்ற வந்தது, மாட்ட வரவில்லை. எப்படியோ மூடி முடித்தபோது கையில் நாலு ஸ்க்ரூ மிச்சம்.

சுவிட்சைப் போட்டதும் டப்பென்று ஒரு சத்தம். கருகல் நாற்றம். வீடு முழுக்கக் கரண்டு போய்விட்டது. அப்பா மட்டும் ஏதோ நான் சாதித்துவிட்ட மாதிரி சிரித்துக்கொண்டே ஃபியூஸ் போடப் போனார். பெரியம்மா சிரிக்கவில்லை.

"ஏன்டி, இதுக்கா உங்கப்பன் உன்னைக் காலேஜுக்கு அனுப்பினான்? இந்த மாதிரி கெடுக்கறதுன்னா நானே கெடுத்திருப்பேனே!"

லேபில் வாங்கிய உதை

இரண்டாம் வருசம் மெஷின்ஸ் லேப். மெயினை ஆஃப் பண்ணிவிட்டுத்தான் மோட்டாரின் ஒயரைக் கழற்றப் போனேன். அம்மாடியோவ்! தோள்பட்டை வரைக்கும் ஒரே உதை. ஸ்டூலோடு பின்னால் போய் விழுந்தேன். மெயினை அணைத்த பிறகும் கெப்பாசிட்டர் கொஞ்ச நேரம் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். அதை முந்தின வாரம்தான் நோட்டில் எழுதியிருந்தேன், அடிக்கோடு வேறு போட்டு.

"ஆஃப் பண்ணிட்டேன் சார், சத்தியமா ஆஃப் பண்ணிட்டேன்" என்று பச்சைப் பிள்ளை மாதிரி அழுதேன். லேப் அசிஸ்டென்ட் என்னைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்து என் கையில் திணித்தார்.

"ஆஃப் பண்ணது உனக்குத் தெரியும்மா, ஒயருக்குத் தெரியுமா? இதை வச்சுப் பாக்காம இனிமே எதையும் தொடாத."

அப்பாவின் சந்தேகங்கள்

அப்பா போனில் வழக்கமாக மூன்றே கேள்விதான் கேட்பார். சாப்பிட்டியா, அங்க மழையா, எப்ப வர்றே. மூன்றாம் வருசம் கார்த்திகை மாதம் திடீரென்று பாடத்தில் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார். "பாப்பா, கரண்டு ஈர மண்ணுல நல்லா பாயுமா, காஞ்ச மண்ணுலயா?" மறுநாள், "ஒரே ஒரு ஒயரு இருந்தா போதுமா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் படிப்பைப் பற்றி அப்பா கேட்கிறாரே! ஹாஸ்டல் வராண்டாவில் மேலும் கீழும் நடந்தபடி அவருக்கு முழுசாகப் பாடம் நடத்தினேன். வைவாவில்கூட நான் அவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. ரூம்மேட் நஸ்ரின் காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"உங்கப்பா என்னடி, நமக்கு முன்னாடி அரியர் கிளியர் பண்ணப் போறாரா?"

நாலு விரல் உயரம்

அந்தச் சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வயலுக்கு. சம்பா கதிர் தள்ளுகிற சமயம், எலி வெட்டு ஆரம்பித்திருந்தது. எங்கள் பக்கம் எலிக்கு மூங்கில் கிட்டி வைப்பதுதான் வழக்கம். கிட்டிக்காரர் சாயங்காலம் வைத்துவிட்டுப் போய், காலையில் வந்து எலியோடு எடுப்பார். அன்றைக்கு வயலில் ஒரு கிட்டியைக் காணோம். அதற்குப் பதில் குச்சி நட்டு, தரைக்கு நாலு விரல் உயரத்தில், மெல்லிசாக ஒரு கம்பி வரப்போரம் சுற்றி ஓடியது.

மோட்டார் கொட்டகையிலிருந்து அப்பா வாயெல்லாம் பல்லாக வந்தார். "நேத்துதான் கட்டினேன் பாப்பா. எல்லாம் நீ சொல்லிக் கொடுத்ததுதான். ஒரே ராத்திரியில எட்டு எலி!"

"அப்பா, இது குத்தம்ப்பா! ஆளு செத்துப் போவாங்க!"

"பகல்ல அணைச்சிடுவேன்ல. எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. அந்தா பாரு, பல்பு அணைஞ்சிருக்கு." அடையாளத்துக்கென்று கொட்டகை வாசலில் ஒரு பல்பு தொங்கவிட்டிருந்தார். பல்பு எரிந்தால் கம்பியில் கரண்டு, அணைந்தால் இல்லை. அதுதான் அவர் கணக்கு.

அப்போதுதான் எதிர் வரப்பில் பார்த்தேன். அஞ்சலை அக்கா, தினமும் மாட்டுக்குப் புல் அறுக்க வருகிறவர், வெறுங்காலோடு வந்துகொண்டிருந்தார். "அக்கா, நில்லுங்க! அசையாதீங்க!" நான் போட்ட கத்தலில் கம்பிக்கு இரண்டடி முன்னால் அப்படியே நின்றுவிட்டார். "அணைச்சாச்சுங்கிறேன், ஏன் இந்தக் கத்து கத்துறே" என்றார் அப்பா. பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடி, கம்பி கிளம்புகிற இடத்தில் வைத்தேன்.

டெஸ்டர் எரிந்தது.

அப்பா சுவிட்சை, கரண்டு வருகிற ஃபேஸ் ஒயரில் வைக்காமல், திரும்பிப் போகிற நியூட்ரலில் வைத்திருந்தார். அணைத்தால் பல்பு அணையும், கம்பியில் கரண்டு அப்படியே நிற்கும். அத்தனை பாடம் நடத்திய நான் இதை மட்டும் சொல்லவே இல்லை. எதற்குக் கேட்கிறார் என்றும் கேட்கவில்லை. ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிவிட்டு மறுபடி டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். அணைந்திருந்தது. அதற்குப் பிறகுதான் அஞ்சலை அக்காவை வரச் சொல்லிக் கை காட்டினேன்.

அப்பா வரப்பில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "காலையிலேருந்து நானே நாலு தடவை தாண்டினேனே" என்றார். பிறகு அவரே எழுந்து கம்பியைச் சுருட்டினார், அவரே கிட்டிக்காரருக்குப் போன் போட்டார். விஷயம் புரிந்ததும் அஞ்சலை அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அரிவாளைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கம்பி போட்டிருக்குன்னு எனக்கும் தெரியும் பாப்பா. கரண்டுக்குப் படிக்கிற புள்ள வீட்டு வயலாச்சே, என்ன ஆயிடப் போவுதுன்னுதான் நான் பாட்டுக்கு வந்தேன்."

ஆகவே சக ட்ரிபிள் ஈக்காரர்களே, பெரியம்மா கொண்டுவரும் மிக்ஸியைத் தாராளமாகக் கெடுங்கள், ஆனால் அப்பா போன் பண்ணிப் பாடத்தில் சந்தேகம் கேட்டால் மட்டும், பதில் சொல்வதற்கு முன்னால் எந்த வயலுக்கு என்று கேட்டுவிடுங்கள்.