கைப்பிடிக் கம்பியில் ஒரு துண்டுத் துணி

இடிப்பதா வேண்டாமா என்று ஊரே பேசும் அந்த நொய்யல் ஆற்றுப் பாலத்தில் நின்றேன்; சாயத்தண்ணீர் வாடை மூக்கில் ஏறியதும் மறுபடி பள்ளிவிட்டு வந்த பிள்ளையாகிவிட்டேன். பாலத்தை ஒட்டிய பனியன் கம்பெனியில் வேலைசெய்த அம்மா, டீ நேரத்தில் ஓடிவந்து கைப்பிடிக் கம்பியில் வேஸ்ட் துணி ஒன்றைக் கட்டிவிட்டுப் போவாள். வெள்ளையென்றால் இருட்டுமுன் வந்துவிடுவாள், சிவப்பென்றால் ஓவர்டைம், நான் தனியாகச் சாப்பிட்டுப் படுக்கவேண்டும். பெரும்பாலும் சிவப்புதான் படபடக்கும். அதை அவிழ்த்து, மெஷின் எண்ணெயும் அம்மாவின் வியர்வையும் கலந்த வாசத்தை முகர்ந்தபடியே வீடு போவேன்.

"ஏனுங்க, இடிச்சுட்டு அகலமாக் கட்டுனா நல்லதுதானுங்களே?" என்றார் பக்கத்தில் நின்ற டீக்கடைக்காரர்.

"ஆமாங்க," என்றேன். லாரி போகும்போது பாலம் அதிர்வது எனக்கும் தெரிந்தது. அம்மா இறந்து இத்தனை வருஷமாகியும், இந்தக் கம்பியைக் கடக்கும்போதெல்லாம் என் கண் வெள்ளைத் துணியைத்தான் தேடுகிறது.