பதினேழு படிக்கு மேலே ஒரு குளியலறை

மெஹர் பானு விழுந்தது கொல்லைக் குளியலறையில், மாலை அஸர் தொழுகைக்கு முன் ஒளு செய்கையில், முகமும் கையும் முடிந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது. விழுந்ததைவிடக் கொடுமை அதற்கப்புறம் நடந்தது. அது உள்பக்கம் திறக்கிற கதவு. அவள் கிடந்ததோ அந்தக் கதவை அடைத்துக்கொண்டு. மகள் சித்திக்காவும் கணவர் நூர் அகமதுவும் வெளியே நின்று தள்ளத் தள்ள, ஒவ்வொரு தள்ளும் அவள் இடுப்பில் இடித்தது. "தள்ளாதீங்க" என்று அவள் போட்ட சத்தம் அடுத்த வீட்டுக்கு உடனே கேட்டது. இவர்களுக்குக் கேட்க நேரமாயிற்று.

எலும்பு தப்பித்தது, முழங்கால் தப்பவில்லை. குந்தக் கூடாது, ஈரத் தரையில் ஊன்றி நிற்கக் கூடாது என்றார் டாக்டர். "வெஸ்டர்ன் வெச்சு, பிடிச்சுக்க ஒரு கம்பி போட்டு, நல்ல பாத்ரூமா ஒண்ணு கட்டிடுங்க" என்று நூர் அகமதுவிடம் சொன்னார். அவரும் பயபக்தியோடு தலையாட்டினார். வீட்டுக்கு வந்த மறுவாரமே கட்ட ஏற்பாடும் செய்தார். எங்கே? மாடியில்!

மாடிக்குப் பதினேழு படி. முழங்கால் போனவளுக்காக டாக்டர் சொன்ன குளியலறை பதினேழு படிக்கு மேலே. இதைக் கேட்டுச் சிரிப்பதா, கையில் கிடைத்ததை எடுத்து வீசுவதா என்று மெஹர் பானுவுக்குப் புரியவில்லை.

மாடியில் இருப்பது மாப்பிள்ளை அறை. காரைக்காலில் அவர்கள் தெருவில் வீடு என்றால் அது பெண்ணுக்குத்தான். இந்த வீட்டை மெஹர் பானுவின் உம்மா அவள் கல்யாணத்தில் அவள் பேருக்கு எழுதிவைத்தார். நூர் அகமது மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தவர். இப்போது அந்த மாடி அறை சித்திக்காவின் கணவர் இஃபாத்துக்கு. ஷார்ஜாவில் வேலை, வருடத்தில் முப்பது நாள் வருவார். மற்ற நாளெல்லாம் சித்திக்கா குழந்தையோடு கீழேதான் படுக்கிறாள். அறை பூட்டியே கிடக்கும், உள்ளே பல்லிகள் குடும்பம் நடத்தும்.

"நீயும் போய்க்கலாமே மெஹரு, யாரு வேணாங்குறா?" என்றார் நூர் அகமது. மாப்பிள்ளை படுத்திருக்கும் கட்டிலைத் தாண்டி மாமியார் குளிக்கப் போவாளாம். சொல்கிற வாய்க்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

நூர் அகமது குவைத்தில் இருந்த இருபத்தாறு வருடமும் இந்த வீட்டைப் பார்த்தது யார்? மழையில் கூரை ஒழுகியபோது ஆள் பிடித்தவள் அவள். புயலில் சாய்ந்த கொல்லைச் சுவரைக் கொத்தனார் பக்கத்திலேயே நின்று எடுத்துக் கட்டவைத்தவள் அவள். செப்டிக் டேங்க் நிரம்பினால் வண்டிக்குப் போன் போட்டவளும் அவள்தான். மனிதர் ஐந்து வருடத்துக்கு முன் ஊரோடு வந்து சேர்ந்தார். வந்த அன்றே வீட்டைப் பற்றிய பேச்சு கூடத்துக்குப் போனது, அவள் அடுப்படிக்குள் போனாள்.

இன்ஜினியர் நீலகண்டன் வந்தார். திருநள்ளாற்றில் நாலைந்து லாட்ஜ் கட்டியவர். கூடத்தில் உட்கார்ந்து டேப்லெட்டில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார். கண்ணாடியாய் மின்னும் கறுப்பு டைல்ஸ், கண்ணாடித் தடுப்பு, தலைக்கு மேலே மழையாகக் கொட்டும் ஷவர். நூர் அகமது குழந்தை மாதிரி வாயைப் பிளந்து பார்த்தார். மெஹர் பானு அடுப்படி வாசலில் நின்றபடி கேட்டாள்:

"இந்த டைல்ஸ்ல தண்ணி நின்னா கால் நிக்குமா? உக்காந்து ஒளு செய்ய இடம் எங்க? கதவு எந்தப் பக்கம் தொறக்கும்?"

"அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்றார் நீலகண்டன், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கம்மோடு மேற்கப் பாத்து இருக்கு" என்றாள்.

நூர் அகமது துள்ளி எழுந்தார். கிப்லா! தொழுகிற திசைக்கு அந்த இடத்தில் உட்கார்ந்து முகமும் காட்டக்கூடாது, முதுகும் காட்டக்கூடாது. "அல்லாவே, நல்லவேளை சொன்ன மெஹரு" என்று பதறினார். நீலகண்டன் விரலால் ஒரு தள்ளு தள்ளினார், கம்மோடு தெற்கே திரும்பிக்கொண்டது. கிப்லாவுக்குக் காது கொடுத்தவர்கள் முழங்காலுக்குக் கொடுக்கவில்லை. காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனவளுக்கு நெஞ்சு கொதித்தது.

விழுந்ததிலிருந்து அவளால் தானாக எழுந்திருக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் கொல்லைக் குளியலறைக்குள்ளிருந்து "சித்திக்கா" என்று கூப்பிட வேண்டும். மகள் கைக்குழந்தையை எங்காவது கிடத்திவிட்டு ஓடி வந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, அக்குளில் கை கொடுத்துத் தூக்குவாள். ஐம்பத்தாறு வயதில் இந்த வெட்கம். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கவே யோசித்தாள். இது கூடத்தில் படம் பார்த்த இரண்டு பேருக்கும் தெரியாது. கேட்டால்தானே தெரியும்!

பத்து நாள் கழித்து நூர் அகமது ஒரு காகிதத்தையும் பேனாவையும் கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார். மாடியில் கட்டுவதற்கு அனுமதி வாங்க வேண்டும். நகராட்சியை அவர் இன்னும் பிரெஞ்சுக் காலத்துப் பேரில் மேரி என்றுதான் சொல்வார்.

"மேரியில குடுக்கணும். இங்க ஒரு கையெழுத்துப் போடு."

"நான் எதுக்கு?"

"வீடு உன் பேர்லதானே இருக்கு."

மெஹர் பானு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் பேனாவை மூடி அவர் சட்டைப் பையிலேயே செருகினாள்.

"கீழ எனக்கு ஒண்ணு கட்டுங்க. நான் அதுல ஒளு செஞ்சு தொழுதுட்டு வந்து போடுறேன்."

வீடே ஆடிப்போயிற்று. மாப்பிள்ளை என்ன நினைப்பார் என்று நூர் அகமது குதித்தார். சித்திக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. தாய் பக்கம் பேசுவதா, புருஷன் பக்கம் பேசுவதா என்று தெரியாமல் ஷார்ஜாவுக்கே போன் போட்டாள். இஃபாத் முகம் திரையில் வந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "மாமி எப்ப விழுந்தாங்க? எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

மாப்பிள்ளைக்குக் கவலை கொடுக்கக் கூடாதாம், அதனால் மறைத்திருக்கிறார்கள். ஒரு மனுஷி விழுந்து கிடந்ததைக்கூட மரியாதைக்காக மூடி மறைக்கிற வீடு!

"இங்க பதினோரு பேருக்கு ஒரு பாத்ரூம். காலையில வாளியோட வரிசையில நிக்கிறேன். எனக்குத் தாப்பா போட்டா போதும், வெளியிலேர்ந்து யாரும் கதவைத் தட்டாம இருந்தா போதும். கண்ணாடியும் மழையும் யாரு கேட்டா? முதல்ல மாமிக்குக் கட்டுங்க மாமா" என்றார் இஃபாத்.

போனை வைத்ததும் நூர் அகமது சொன்னாரே ஒரு வார்த்தை: "பெரிய மனசு. அவரு அப்படித்தான் சொல்லுவாரு. அதுக்காக நாம செய்யாம இருந்துற முடியுமா?"

மெஹர் பானு மறுநாள் காலை சாமான் அறையைத் திறந்தாள். அடுப்படிக்குப் பக்கத்தில், எட்டடிக்கு ஐந்தடி. உள்ளே முழுக்க நூர் அகமதுவின் குவைத் பெட்டிகள், காலியான அட்டைப் பெட்டிகள், எதற்கென்று தெரியாமல் சேர்த்த கயிறுகள். அத்தனையையும் மாப்பிள்ளை அறையில் ஏற்றச் சொன்னாள். கையெழுத்து வேண்டுமே, நூர் அகமதுதான் ஏற்றினார். பதினேழு படி, பதினாலு நடை. ஏழாவது நடையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீலகண்டனை வரவழைத்தாள். காலி அறையின் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

"என் கை எட்டுற இடத்துல கம்பி. அளந்துக்குங்க. ஒளுவுக்கு உக்கார ஒரு மேடை, அதுக்கு நேரே தாழ்வா ஒரு குழாய். கதவு வெளிப்பக்கம் தொறக்கணும், வெளிப்பக்கம்! நான் உள்ள விழுந்தாலும் ஆள் வரணும்."

நீலகண்டன் இந்த முறை குறித்துக்கொண்டார். கடைசியில், "வெள்ளை டைல்ஸ் போட்டுடலாம்மா. வயசானவங்களுக்கு அதான், ஆஸ்பத்திரி மாதிரி பளிச்சுன்னு இருக்கும்" என்றார்.

"மாடிக்குன்னா அத்தனை படம் காட்டுனீங்க. எனக்குன்னா ஆஸ்பத்திரியா?"

அவர் தலை குனிந்து டேப்லெட்டை அவள் கையில் கொடுத்தார். தரைக்குச் சொரசொரப்பான சாம்பல் நிறம் எடுத்தாள். சுவருக்கு இளம்பச்சை, அதில் இடுப்பு உயரத்துக்கு ஓடுகிற நீலப் பூ வரிசை. கிழக்கே ஜன்னல், முருங்கை மரம் தெரிய வேண்டும். உட்கார்ந்தபடி தலை சீவ ஒரு கண்ணாடி.

வேலை முடிந்த அன்று ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டுப் பார்த்தாள். எல்லாம் ஓடி இறங்கியது, மேடைக்குக் கீழே மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு நின்றது.

"வாட்டம் பத்தல, தண்ணி ஓட இன்னும் சரிவு வேணும்" என்றாள். கொத்தனார் அது காய்ந்துவிடும் என்றார். "காயுற வரைக்கும் நான் விழுவாம இருக்கணுமே" என்றாள். இரண்டு டைல்ஸைப் பெயர்த்து மறுபடி பதித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் முதன்முதலாக உள்ளே போனாள். மேடையில் உட்கார்ந்து குழாயைத் திறந்தாள். முகம் கழுவினாள், கைகளைக் கழுவினாள், தலையில் ஈரக் கையால் தடவினாள், அவசரமில்லாமல் இரண்டு காலையும் கழுவினாள். வெளியே சித்திக்கா பழக்கத்தில் வந்து நின்றுவிட்டாள்.

"உம்மா, தூக்க வரவா?"

கம்பி கைக்குச் சரியாக இருந்தது. அழுத்திப் பிடித்தாள். முழங்கால் முனகியது, ஆனால் நிமிர்ந்தது. கண்ணாடியில் தன் முகம் மேலே ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டே எழுந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"வேணாம்மா. நீ புள்ளையப் பாரு" என்றாள்.

கதவை வெளிப்பக்கம் தள்ளித் திறந்தாள். நூர் அகமது நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் அந்தக் காகிதம், இன்னொரு கையில் பேனா. அவள் தொழுது முடிக்கும் வரைக்கும்கூட அவருக்குப் பொறுமையில்லை. தோளில் வேறு ஒரு துண்டு. உள்ளே எட்டிப் பார்க்கிற கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது, அவருக்கு அங்கே முதலில் குளிக்க வேண்டும்.

"இன்னும் தொழுவல" என்றாள் மெஹர் பானு. "வரிசையில நில்லுங்க."

அவர் தோளிலிருந்த துண்டை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் தொழப் போனாள்.