தேய்க்கத் தெரியாத கால்

போன தீபாவளி முடிஞ்சு, எங்க பட்டாசுக் கம்பெனியை அடைச்சிருந்த சமயம் அது. எனக்குத் தாயில்பட்டி பக்கம். வெடிக்கு மருந்து அடைக்கிற வேலை. "ஆழமில்லாத கடல்ல இறக்கிவிட்டு மீன் பிடிக்க வைக்கிறாகளாம், வா"ன்னு எங்க வீட்டுக்காரர் ராமநாதபுரம் பக்கம் ஒரு கடற்கரைக்கு இழுத்துட்டுப் போனார். போன மனுஷன், படகு லேசா ஆடினதுமே தலை சுத்துதுன்னு அதுலயே சாய்ஞ்சுட்டார். அவரை நம்பி வந்தேன் பாருங்க!

எங்களைக் கூட்டிட்டுப் போனது என்னைவிடக் கொஞ்சம் இளைய ஒரு பொண்ணு. படகும் அதோடதுதான். முழங்கால் தண்ணியில இறங்கினதும் தூண்டிலைக் கையில கொடுத்துட்டு, "அக்கா, மணலுக்குள்ள திருக்கை படுத்துக் கிடக்கும். மிதிச்சா வால் முள்ளால குத்திரும். காலைத் தூக்காம தேச்சுக்கிட்டே வாங்க, அது விலகிப் போயிரும்"னு சொல்லுச்சு.

அங்கனதான் வந்தது வினை. எங்க தொழில்ல காலைத் தேச்சு நடக்கவே கூடாது. சிந்திக் கிடக்குற மருந்து ஒரு உரசல்ல பத்திக்கிரும். பக்கத்து ரூம்ல இருந்த என் கூட்டாளி ஒருத்தி அப்படித்தான் கருகிப் போனா. அதுக்கப்புறம் வீட்டுலகூட என் கால் தரையில உரசாது. கடல்ல மட்டும் உரசுமா? கொஞ்ச தூரம் தேய்ப்பேன், என்னை அறியாம கொக்கு மாதிரி தூக்கிருவேன். அந்தப் பொண்ணு திரும்பத் திரும்ப அதட்டவும் எனக்குச் சுருக்குனு கோவம் வந்துருச்சு.

"ஏத்தா, நான் என்ன வேணும்னா தூக்குறேன்? கால் கேக்க மாட்டேங்குதே!"

காரணத்தைச் சொன்னேன். என் கூட்டாளி கதையையும் சொன்னேன். அந்தப் பொண்ணு எனக்கு முன்னால வந்து, "நீங்க உங்க நடையிலேயே வாங்கக்கா. நான் தேச்சுக்கிட்டுப் போறேன், என் பின்னாலயே மிதிங்க"ன்னுச்சு.

அப்படியே போனோம். திடீர்னு என் தூண்டில்ல ஒரு மீன் மாட்டி வெட்டி இழுத்துச்சு. ஆத்தி, எனக்குத் தலைகால் புரியல! அது இழுத்த பக்கமே காலைத் தூக்கிட்டேன். கீழே மணல் அசைஞ்சதை அந்தப் பொண்ணு பார்த்துருச்சு. பாஞ்சு வந்து என்னைத் தள்ளிவிட்டுச்சு. நான் தண்ணியில பொத்துனு உக்காந்தேன். எனக்கு விழ வேண்டிய குத்து அதோட கால்ல விழுந்துருச்சு.

ரத்தத்தைப் பார்த்ததும் எனக்கு உயிரே போயிருச்சு. வலியில உதட்டைக் கடிச்சுக்கிட்டே அதுவே படகைக் கரைக்குக் கொண்டுவந்துச்சு. சூடு பட்டா முள்ளோட விஷக் கடுப்பு அடங்கும்னு அது சொல்லவும், டீக்கடையில வெந்நீர் வாங்கி, சூடு பொறுக்குதான்னு பார்த்துப் பார்த்துக் காலை முக்க வச்சேன். அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு ஓடினோம். முள்ளு உள்ளே தங்கல, சரியாயிரும்னு டாக்டர் சொன்னப்புறம்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

"என்னை நல்லாத் திட்டிரு தாயி, என் மனசாவது ஆறும்"னு அழுதேன்.

அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "உங்களை இத்தனை வருஷம் உயிரோட வச்சிருக்கிற கால் அக்கா இது. அதைப் போய்த் திட்டுவாகளா?"ன்னுச்சு.

என் பயத்தைப் பார்த்துச் சிரிச்சவங்க உண்டு, சலிச்சவங்க உண்டு. அதைக் கேட்டுப் புரிஞ்சுக்கிட்டு, எனக்கு முன்னால தன் காலை வச்சவ அவ ஒருத்திதான், அவளை நெனச்சா இப்பவும் நெஞ்சு நெகிழ்ந்துருது.